உப்புக்கண்டத்தை ஆராய்ந்து உண்போம்

(கல்விக் கழக வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளிவிழா மேடைகளில் கல்வியின் சிறப்பும், உரிமையின் இன்றியமையாமையும், ஒற்றுமையின் வலிமையும் பேசப்படுவது வழக்கம். அவற்றைப் பேசுதற்கு நம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்டிருப்பது அடுப்படியைச் சார்ந்த ஒரு பொருள். உலர்த்திய மாட்டிறைச்சியின் தரத்தையும் பாதுகாப்பையும் அறிவது எங்ஙனம் என்பதே அது. நம் இல்லங்களில் இதனை உப்புக்கண்டம் என்கிறோம். இன்று இது சிறு பைகளில் அடைக்கப்பட்டுத் தின்பண்டமாகக் கடைகளிலும், கைப்பேசி வழி வாணிகத்திலும் விற்பனைக்கு வருகிறது.

கல்விக் கழகத்தில் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு ஒரு தாய் அனுப்பும் பொட்டலத்தில் இப்பண்டம் இருக்கிறது. நம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்யத்தக்க தொழில்களுள் இதுவும் ஒன்றாக இருக்கிறது. நம் உடலுக்குள் செல்வதையும், நம் கையிலிருந்து பிறர் உடலுக்குள் செல்வதையும் ஆராய்ந்து துணிய உதவாத கல்வி, ஏட்டளவில் நின்றுவிட்ட கல்வியே ஆகும்.

இப்பொருளைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. மாட்டிறைச்சியைப் பற்றி இந்நாட்டில் ஓயாது தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஆயினும் அத்தீர்ப்பு இறைச்சியைப் பற்றியதன்று, உண்பவரைப் பற்றியது. அவன் இன்ன சாதியான், ஆதலின் இன்னது உண்கிறான் என்பதே அதன் உட்பொருள். இதன் விளைவு யாது? நம்மில் பலர் கடையில் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கவும் தயங்குகின்றனர். 'பெரிய கறி' என்று தாழ்ந்த குரலில் கேட்டு, கருப்புப் பையில் மறைத்து வாங்கி, விரைந்து நடக்கின்றனர். எந்த நாளில் அறுத்தது, எவ்வாறு உலர்த்தியது, எங்கு வைத்திருந்தது என்று கேட்க அவர்கட்கு நேரமும் இல்லை, துணிவும் இல்லை. மறைத்து வாங்கும் பொருளை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கப்படாத பொருள் கேடு செய்தால், அதனை வெளியே சொல்வாரும் இலர். ஆகவே, வெட்கம் என்பது நம் மானத்திற்கு மட்டும் இழுக்கன்று. நம் உடல்நலத்திற்கும் பகை என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இது ஒன்றே.

முதலில், உலர்த்திய இறைச்சி உலக மக்கள் பலர்க்கும் பொதுவான உணவு என்பதை நினைவூட்டுவோம். தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலையில் வாழும் கெச்சுவா மக்கள் உலர்த்திய இறைச்சியைச் 'சார்க்கி' என்பர். அச்சொல்லே அமெரிக்காவில் 'ஜெர்க்கி' என்று திரிந்து இன்று உலகக் கடைகளில் வழங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் காடியும் கொத்துமல்லி விதையும் சேர்த்துக் காற்றில் உலர்த்திப் 'பில்டாங்' செய்கின்றனர். நைசீரியாவின் அவுசா மக்கள் நிலக்கடலைக் கூழைத் தடவிக் 'கிலிசி' செய்கின்றனர். நேபாளத்தில் எருமை இறைச்சியை உலர்த்திச் 'சுக்குட்டி' என்கின்றனர். நம் தமிழிலோ, பெரும்பாணாற்றுப்படையிலேயே உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் 'வாடூன்' என்ற சொல் பயில்கிறது. ஆட்டிறைச்சியில் செய்த உப்புக்கண்டம் செட்டிநாட்டு உணவகங்களின் பட்டியலில் இன்று பெருமையுடன் இடம்பெறுகிறது. அதே முறையில், அதே உப்பும் மஞ்சளும் இட்டு, அதே வெயிலில் உலர்த்திய மாட்டிறைச்சிக்கு மட்டும் ஏன் தாழ்ந்த குரல்? மராட்டிய எழுத்தாளர் சாகு பட்டோலே, தலித் மக்களின் உணவு முறைகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்; 2024ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலத்திலும் வந்தது. ஒளித்துவைக்கப்பட்ட உணவை எழுத்தில் பதித்த முயற்சி அது. நம்மவரும் அவ்வாறு வெளிப்படையாகப் பேசப் பழக வேண்டும்.

இனி, உலர்த்துதல் என்றால் என்ன என்பதைக் காண்போம். கொழுப்பற்ற பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அந்நீரே கிருமிகட்கு வாழ்விடம். வெயிலும் காற்றும் நீரை வெளியேற்றுகின்றன. உப்பு எஞ்சிய நீரைத் தன்பால் பிணித்துக்கொள்கிறது. கிருமிக்குக் கிட்டக்கூடிய நீரை அறிவியலார் ஓர் அளவால் குறிப்பர். தூய நீருக்கு அவ்வளவு 1. பச்சை இறைச்சிக்கு ஏறத்தாழ 0.99. அது 0.85 என்னும் அளவுக்குக் கீழே இறங்கினால், உணவின் வழி நோய் செய்யும் பாக்டீரியாக்கள் பெருக இயலாது. பூஞ்சணம் அதற்கும் கீழே, 0.70 அளவிலும் வளரவல்லது. ஆகவேதான் அரைகுறையாகக் காய்ந்த கண்டத்தில் முதலில் பூஞ்சணம் தலைகாட்டுகிறது.

இங்கே ஒன்றை நன்கு மனத்திற் கொள்க. உலர்த்துதல் கிருமிகளைப் பெருகவிடாது தடுக்கிறது; அவற்றை முற்றும் கொல்வதில்லை. பல கிருமிகள் காய்ந்த இறைச்சியில் உறங்கிக் கிடந்து, உண்டவரின் குடலில் விழித்துக்கொள்ளும். உலர்ந்தது ஆதலின் தூயது என்று எண்ணுவது பிழை. இதனால் உப்புக்கண்டத்தைப் பற்றி நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டியவர்களாகிறோம். எந்த விலங்கின் இறைச்சி? எவ்வாறு உலர்த்தப்பட்டது? இப்போது எந்நிலையில் உள்ளது? எங்ஙனம் வைத்து, எவ்வளவு உண்பது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் கேள்வி, எந்த விலங்கின் இறைச்சி என்பது. இக்கேள்விக்குள் நம் வரலாறே அடங்கியிருக்கிறது. ஊரில் மாடு செத்தால் அதனை அப்புறப்படுத்தும் வேலை நம் முன்னோர் தலையில் கட்டப்பட்டது. உழைப்புக்குக் கூலி கொடாமல், செத்த மாட்டையே கூலியாகக் காட்டினர். பசித்த வயிறு அதனை மறுக்க இயலாதிருந்தது. ஒரே நாளில் உண்டு தீராத அவ்விறைச்சியைக் காப்பதற்கு உப்பும் வெயிலும் உதவின. உப்புக்கண்டத்தின் கதையில் இக்கொடுமையும் ஒரு பகுதி என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரில் கூடிய மாநாட்டில், செத்த விலங்கின் இறைச்சியைக் கைவிடுமாறு அண்ணல் அம்பேத்கர் மக்களை அறிவுறுத்தினார். அவ்வறிவுரை மானத்தைக் காப்பது, உயிரையும் காப்பது.

எவ்வாறு எனின், தானாகச் செத்த மாடு எதனால் செத்தது என்பது நமக்குத் தெரியாது. பாம்பு கடித்திருக்கலாம், நஞ்சு தின்றிருக்கலாம், நோய்க்கு ஊசி மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். எல்லாவற்றினும் கொடியது அடைப்பான் நோய். அந்நோயால் மாடு திடீரென விழுந்து சாகும். வயிறு விரைந்து உப்பும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி கசியும். அதன் உடலை அறுத்தால், காற்றுப்பட்ட கிருமிகள் வித்துகளாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். அவ்வித்துகள் உப்புக்கு அஞ்சா, வெயிலுக்கு அஞ்சா, கொதிநீரையும் சிறிது நேரம் தாங்கும். எத்தனை நாள் கொடியில் உலர்த்தினும் அவ்விறைச்சி நல்லதாகாது. தொட்டவர் கையில் வலியற்ற புண் தோன்றி நடுவில் கருத்துப் பொருக்குக் கட்டும். உண்டவர் குடல் புண்ணாகி உயிருக்கே இடர் நேரும். இத்தகைய மாட்டை அறுக்கவும் கூடாது, தோலுரிக்கவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

மருத்துவமனையில் உண்மையை மறைப்பது உயிருக்கு உலை வைக்கும் செயல். அடைப்பான் நோய்க்கு நல்ல மருந்து உண்டு. காலத்தில் கொடுத்தால் பிழைக்கலாம். ஆனால் நோயாளி என்ன தொட்டார், என்ன உண்டார் என்பது மருத்துவர்க்குத் தெரிந்தாலன்றி அவர் அந்நோயை நினைக்கமாட்டார். செத்த மாட்டின் கறி என்று சொல்ல நாணி வாய்மூடியிருந்தால், நாணம் நோயினும் முந்திக் கொல்லும். ஏளனத்துக்கு அஞ்சாமல் உள்ளதை உள்ளவாறு சொல்லுமாறு நம் இல்லத்தாரைப் பழக்குவது இளைஞர் கடமை.

ஆகவே, அறுக்கும் முன்னும் பின்னும் சோதிக்கப்பட்ட விலங்கின் இறைச்சியே கண்டத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, தகுதிச் சான்று பெற்ற பின்னரே மாடு அறுக்கப்பட வேண்டும். இறைச்சிக்கூடத்தில் கால்நடை மருத்துவரின் சோதனை உண்டு. தசையில் நாடாப்புழுவின் கொப்புளங்கள் உள்ளனவா, ஈரலும் நுரையீரலும் நோயுற்றுள்ளனவா என்று பார்ப்பது அச்சோதனையின் நோக்கம். "இது எந்தக் கூடத்தில் அறுத்த மாடு?" என்று கறிக்கடையில் உரத்த குரலில் கேட்பது நம் உரிமை. விடை சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதிருப்பது நம் அறிவுடைமை.

இரண்டாவது கேள்வி, எவ்வாறு உலர்த்தப்பட்டது என்பது. இங்கே நம் பாட்டிமார் கற்றிருந்த கலையைப் போற்றத்தான் வேண்டும். கொழுப்பை நீக்கினர், நார்ப்போக்கில் மெல்லிய கீற்றுகளாக அரிந்தனர், உப்பும் மஞ்சளும் பிசறினர், கொடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டனர், சித்திரை வைகாசி வெயிலைத் தேர்ந்தனர், பொழுது சாயுமுன் வீட்டுக்குள் எடுத்தனர். இவை ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. கொழுப்பு காய்வதில்லை, நாட்பட்டால் காறல் அடிக்கும். தடித்த துண்டின் மேற்புறம் விரைந்து கெட்டியாகி, உள்ளீரத்தை வெளியேறவிடாமல் அடைத்துக்கொள்ளும். இரவுப் பனியில் விட்டால் பகலில் போன நீர் மீண்டும் ஏறும். துண்டின் கனம் அரை சென்டிமீட்டருக்கு மிகாதிருப்பது நன்று.

பாட்டிமார் அறிவுக்கு இன்றைய அறிவியல் சேர்க்கும் செய்திகள் இரண்டு. ஒன்று, சூடு பற்றியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 1995ஆம் ஆண்டு, உள்ளூரில் செய்து விற்ற உலர் மாட்டிறைச்சியைத் தின்ற 93 பேர் சால்மொனெல்லா என்னும் கிருமியால் நோயுற்றனர். வெயிலை நம்பியிராமல், சூடேற்றிய அறையில் உலர்த்திய இறைச்சியே அது. பிழை எங்கே? ஈரமான இறைச்சியிலிருந்து நீர் ஆவியாகும்போது, வியர்த்த உடல் குளிர்வது போல இறைச்சி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றின் சூட்டை அஃது உடனே அடைவதில்லை. மெல்ல மெல்ல உலரும்போதோ, எஞ்சிய கிருமிகள் வறட்சிக்குப் பழகி, பிற்பாடு வரும் சூட்டையும் தாங்கும் வலிமை பெறுகின்றன. ஆதலின், முதலில் 71 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு இறைச்சியைக் கொண்டுவந்து, அதன்பின் உலர்த்துக என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. நம் வழக்கில் சொல்வதாயின், உப்பும் மஞ்சளும் கலந்த நீரைக் கொதிக்கவிட்டு, கீற்றுகளை அதில் இட்டு, நடுவிலும் செந்நிறம் மாறும்வரை வேகவிட்டு எடுத்து, நீர் வடித்துக் காயப்போட வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்க. சமைப்பதற்காக வைத்திருக்கும் கண்டம் பின்னர்க் குழம்பிலோ எண்ணெயிலோ நன்கு வெந்துவிடும். பையைப் பிரித்து அப்படியே மெல்லும் தின்பண்டத்துக்கு அந்தக் காவல் இல்லை. பச்சையாக உலர்த்திய கண்டத்தை வறுக்காமல் வாயிலிடும் பழக்கத்தைச் சிறுவர்கள் கைவிட வேண்டும். தின்பண்டமாக விற்கப்படுவது, உலர்த்தும் முன்னரே சூடேற்றியதா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும்.

மற்றொன்று, கை பற்றியது. புண்பட்ட கையிலும், மூக்கிலும் வாழும் ஒருவகைக் கிருமி, உப்பு மிகுந்த இறைச்சியிலும் வளரவல்லது. காயத் தாமதமாகும் இறைச்சியில் அஃது ஒரு நஞ்சைக் கக்கும். கிருமியைச் சூடு கொல்லும். அது கக்கிய நஞ்சைக் கொதிக்கும் எண்ணெயும் முற்றும் அழிக்காது. உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். "எப்படியிருந்தாலும் வறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கை இதனால் தகர்கிறது. கையில் புண் உள்ளவர் இறைச்சி அரியாதிருப்பதும், மழை மூட்டமான நாளில் கண்டம் போடாதிருப்பதும், ஈ மொய்க்காமல் வலைத்துணி கட்டுவதும் வீண் ஆசாரங்கள் அல்ல.

மூன்றாவது கேள்வி, கையில் உள்ள கண்டம் எந்நிலையில் உள்ளது என்பது. இதற்குக் கருவிகள் வேண்டா. கண்ணும் மூக்கும் விரலும் தராசும் போதும்.

கண்ணால் காண்க. நன்கு உலர்ந்த மாட்டிறைச்சி கரும்பழுப்பாக இருக்கும். பளிச்சென்ற செந்நிறம் கண்டால், சாயமோ வெடியுப்பு போன்ற சரக்கோ சேர்க்கப்பட்டதா என்று ஐயுறுக. அளவறிந்து தொழிற்சாலையில் சேர்க்கும் காப்புப் பொருள்கட்குச் சட்டம் வரம்பு வகுத்துள்ளது. வீட்டில் கைக்கு வந்தபடி வெடியுப்பு இடுவது தீங்கு. மேலே வெண்மை படர்ந்திருந்தால் இரண்டில் ஒன்று. மணிமணியாக மின்னி, நீரில் கரைந்தால் அது உப்பு. பஞ்சு போலப் படர்ந்து, பசுமையோ கருமையோ கலந்து, முடைநாற்றம் வீசினால் அது பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு உண்ணலாகாது, எறிந்துவிட வேண்டும். நுண்ணிய துளைகளும், மாவு போன்ற தூளும், மயிர் போன்ற புழுத்தோலும் இருந்தால் வண்டு அரித்தது. நாட்பட்ட சரக்காயினும் ஒரு பூச்சியும் அண்டாதிருந்து, மருந்து நெடி வீசினால், அதுவும் நல்லதன்று. உலர்பொருள் வாணிகத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் கொடிய வழக்கம் சில இடங்களில் உண்டு.

மூக்கால் அறிக. இறைச்சி மணமும் உப்பு மணமும் இயல்பு. பழைய எண்ணெயின் காறல், புளித்த நெடி, அழுகல் நாற்றம் ஆகியவை கேட்டின் அடையாளம். ஆயினும் மூக்குக்கு ஓர் எல்லை உண்டு. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் நிறத்தையும் மணத்தையும் மாற்றாமலே இருக்கவல்லவை. நாற்றமடிப்பது கெட்டது என்று துணியலாம். நாற்றமில்லாதது நல்லது என்று துணியலாகாது. இதனாலேதான் முதல் இரண்டு கேள்விகளை முன்வைத்தோம்.

விரலால் சோதிக்க. இருப்பதில் தடித்த துண்டை எடுத்து வளைத்துப் பார்க்க. மெல்லும் தின்பண்டமாயின் வளையும்போது விரிசல் கண்டு, நார் வெளுத்துத் தோன்ற வேண்டும். சமையற் கண்டமாயின் முறிய வேண்டும். ரப்பர் போல வளைந்து நிமிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் நடுவும் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். ஐயம் தீரவில்லையெனில், சில துண்டுகளை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, சிறிது நேரம் வெயிலில் வைக்க. உட்புறம் நீர் பூத்தால் கண்டம் இன்னும் காயவில்லை. கடைப் பையின் உள்ளே நீர்த்துளி தெரிந்தாலும், பை உப்பியிருந்தாலும் வாங்காதீர்.

தராசால் அறிக. இது நம் இளைஞர்கள் கணக்கறிவைக் காட்டவேண்டிய இடம். 1 கிலோ கொழுப்பற்ற இறைச்சியில் நீர் போக எஞ்சும் பொருள் ஏறத்தாழ 250 கிராம். உப்பையும் எஞ்சிய சிறிது நீரையும் கூட்டினால், நன்கு காய்ந்த கண்டம் 300 முதல் 350 கிராம் வரை நிற்கும். அரைக் கிலோ நிற்கிறது என்றால் அது காயவில்லை. இக்கணக்கிலிருந்து விலைக் கணக்கும் பிறக்கிறது. 1 கிலோ கண்டம் செய்ய ஏறத்தாழ 3 கிலோ பச்சை இறைச்சி வேண்டும். ஆகவே, எலும்பும் கொழுப்பும் நீங்கிய தனிக்கறியின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டே நேர்மையான கண்டத்தின் விலை அமையும். அதனினும் மலிவாக ஒருவர் விற்பாராயின், நீரை விற்கிறாரா, உப்பை விற்கிறாரா, சோதனைக்கு வராத விலங்கின் இறைச்சியை விற்கிறாரா என்று கேட்க வேண்டும். ஏழையின் பணத்தைக் காப்பது போலத் தோன்றும் மலிவு, ஏழையின் உடலைக் கொள்ளையடிக்கும் வழியாகவும் அமையும்.

பையில் அடைத்து வருவதாயின், எழுத்தறிவு இங்கே கேடயமாகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி, உணவு செய்து விற்போர் உரிமமோ பதிவோ பெற வேண்டும். அதன் 14 இலக்க எண் பையில் இருக்க வேண்டும். செய்தவர் பெயரும் முகவரியும், செய்த நாளும், உண்ணத்தகும் கால எல்லையும், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியலும், புலால் உணவுக்குரிய பழுப்புநிறக் குறியும் இருத்தல் வேண்டும். எந்த விலங்கின் இறைச்சி என்பதும் பட்டியலில் விளங்க வேண்டும். வெறும் 'உலர் இறைச்சி' என்று மட்டும் எழுதியிருப்பின், எழுதாமல் விட்டது ஏன் என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர்க்கு இவ்வெழுத்துகளைப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. பள்ளி சென்ற பிள்ளை பையைத் திருப்பிப் படித்துச் சொல்வதே, அவர்கள் பட்ட பாட்டுக்குச் செலுத்தும் நன்றிகளுள் ஒன்று.

நான்காவது கேள்வி, எங்ஙனம் வைப்பது, எவ்வளவு உண்பது என்பது. காய்ந்த கண்டம் காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் உறிஞ்சும். ஆகவே, ஈரமற்ற, இறுக மூடும் புட்டியிலோ தகரப் பெட்டியிலோ வைக்க வேண்டும். சூடு ஆறுமுன் மூடினால் உள்ளே வியர்க்கும். ஈரக் கை படலாகாது. வீட்டில் செய்தது அறையின் வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு மாதம் என்று கணக்கு வைப்பது நலம். குளிர்ப்பெட்டியில் மேலும் சில காலம் நிற்கும். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்த்து, நன்றாயிருப்பதை வெயிலில் காட்டிவைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

அளவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. கைப்பிடி கண்டத்திலேயே அதில் பெரும்பங்கு சேர்ந்துவிடும். குருதிக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உடையவர்கள் கண்டத்தைத் தவிர்ப்பதே நலம். ஏனையோர் ஊறவைத்து உப்பு நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உப்பிட்டும் பதப்படுத்தியும் காக்கப்பட்ட இறைச்சியை நாள்தோறும் உண்பது பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்று 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. நாளொன்றுக்கு 50 கிராம் என்ற அளவில் தொடர்ந்து உண்போர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் கணக்கு. இது மாட்டிறைச்சிக்கு மட்டும் உரிய எச்சரிக்கையன்று. பன்றியிறைச்சியாயினும் ஆட்டிறைச்சியாயினும் பொருந்தும். நம் உணவை இகழ்வோர் பேச்சுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அதற்காக நம் உணவில் குறையே இல்லை என்று சாதிக்கவும் வேண்டுவதில்லை. கத்தரிக்காயோடும் மொச்சையோடும் நான்கு துண்டு சேர்த்துக் குழம்பு வைத்த பழைய வழக்கம், நாள்தோறும் பை பையாக மெல்லும் புதிய வழக்கத்தைவிட நல்லது.

இறுதியாக, இதனைத் தொழிலாக மேற்கொள்ள எண்ணும் இளைஞர்கட்கும் தாய்மார்கட்கும் ஒரு சொல். வேறெவரும் தயங்கும் இத்தொழிலில் நமக்குப் பரம்பரை அறிவு உண்டு. அதனோடு ஒழுங்கும் சேர வேண்டும். சான்றுள்ள இறைச்சியையே வாங்கி, வாங்கிய ரசீதைக் காத்துவையுங்கள். முதலில் சூடேற்றி, பின்னர் உலர்த்துங்கள். சூட்டை அளக்க ஒரு வெப்பமானியும், எடையறிய ஒரு நல்ல தராசும் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பச்சை எடையையும் காய்ந்த எடையையும் நாளையும் ஓர் ஏட்டில் குறித்துவையுங்கள். விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, ஒரு பையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நீரளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். பையின்மீது மாட்டிறைச்சி என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். பெயரை மறைத்து விற்கும் பொருளுக்கு நற்பெயர் ஏற்படாது.

அன்பர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகட்குப் படிக்கவும் எழுதவும் கற்பித்தது. வகுப்பறையில் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் கற்பித்தது. அக்கேள்வி கறிக்கடைக்கும் வர வேண்டும். அடுப்படிக்கும் வர வேண்டும். மருத்துவமனைக்கும் வர வேண்டும். எந்த விலங்கு, எவ்வாறு உலர்த்தியது, எந்நிலையில் உள்ளது, எவ்வளவு உண்பது என்னும் நான்கு கேள்விகளையும் இன்று வீடு சென்றதும் நம் தாய்மாரோடும் அக்காமாரோடும் அமர்ந்து பேசுங்கள். அவர்கட்குத் தெரிந்தவற்றை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; நாம் இங்கு சொன்னவற்றை அவர்கட்குச் சொல்லுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, வேண்டிய பொருளை அதன் பெயர் சொல்லிக் கேளுங்கள்.